பயந்தவனின் பெயரை அழிக்க வேண்டாம்

மைக் டைசனைப் பற்றி மட்டக்களப்பில் யாரோடு கதைத்தாலும் கடைசியில் ஒரே தீர்ப்புத்தான் வருகிறது. சலூன் கதிரையில் இருப்பவரும் அதைத்தான் சொல்கிறார், மாலையில் கல்லடிப் பாலத்தடியில் கூடும் பெடியன்களும் அதைத்தான் சொல்கிறார்கள். "அவன் ஆக்களைப் பயப்படுத்தித்தான் வெண்டவன். பயப்படாத ஒருத்தன் எதிரில வந்த உடனே கதை முடிஞ்சுது." இந்தத் தீர்ப்பு நம் வாவிக்கரையில் முளைத்ததல்ல. முப்பது வருடங்களுக்கு மேலாக உலகெங்கும் எழுதப்பட்டு, பேசப்பட்டு, இப்போது யூடியூப் காணொளிகளாக நம் கைபேசிகளுக்கு வந்து சேர்ந்திருப்பது. இதனோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு நம்பிக்கையும் உண்டு: உண்மையான சாம்பியனுக்குப் பயமே கிடையாது, பயம் வெளியில் தெரிந்துவிட்டால் அவன் சாம்பியனே அல்ல.

ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் வரலாறு இந்த இரண்டு நம்பிக்கைகளின் மேல்தான் நமக்குச் சொல்லப்படுகிறது. முகமது அலி பயமறியாதவர், அதனால் மகத்தானவர். ஃபுளோய்ட் பேட்டர்சன் ஒட்டுத்தாடி வைத்து ஒளித்துத் திரிந்தவர், அதனால் மறக்கப்பட வேண்டியவர். சொனி லிஸ்டன் ஸ்டூலில் இருந்தபடியே சண்டையைக் கைவிட்ட கோழை. டைசன் பிறரைப் பயமுறுத்திப் பிழைத்த போலி. நான் இதில் ஒன்றையும் ஏற்கவில்லை. நடந்தவற்றை எடுத்துப் பார்த்தால் இந்தப் பட்டியலில் ஒரு பெயர்கூட அந்த இடத்தில் நிற்காது.

அலியிலிருந்தே தொடங்கலாம். 1964 பெப்ரவரி 25, மியாமி பீச் நகரம். அப்போது அவர் பெயர் கேசியஸ் கிளே, வயது 22. எதிரில் உலக சாம்பியன் லிஸ்டன். பந்தயக்காரர்கள் லிஸ்டனுக்கு ஏழுக்கு ஒன்று என்று காசு வைத்திருந்தார்கள். அன்று காலை எடை பார்க்கும் இடத்தில் கிளே கத்திய கத்தலில் அவருடைய நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120 வரை போனது. வழமையில் அது 54. பரிசோதித்த வைத்தியர், இந்தப் பையன் பயத்தில் நடுங்குகிறான் என்று பத்திரிகைக்காரரிடம் சொன்னார். அது நடிப்பு என்று பிற்பாடு எல்லாரும் சிரித்தார்கள். அலியோ பின்னாளில் தன் வாயாலேயே, அந்த முதல் லிஸ்டன் சண்டையில் தான் பயந்திருந்ததாகச் சொன்னார். நடிப்பும் பயமும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் இருக்கலாம். பயத்தை மறைக்கத்தானே மனிதர் பெரும்பாலும் சத்தம் போடுகிறார்கள்.

அந்த இரவில் அதைவிட முக்கியமான ஒன்று நடந்தது. நான்காம் சுற்று முடிந்து மூலைக்கு வந்த கிளேயின் கண்கள் எரிந்தன. லிஸ்டனின் காயத்துக்குப் பூசிய மருந்தோ வேறெதுவோ கண்ணில் பட்டுப் பார்வை மங்கியிருந்தது. கையுறைகளை வெட்டிவிடு, நான் இனிச் சண்டை பிடிக்கவில்லை என்று பயிற்றுவிப்பாளர் ஏஞ்சலோ டன்டியிடம் சொன்னார். டன்டி கண்ணைக் கழுவி, எழுப்பி, ஐந்தாம் சுற்றுக்குள் தள்ளிவிட்டார். கண் தெளியும்வரை ஓடு என்பதுதான் அவர் கொடுத்த கட்டளை. கிளே ஓடினார், கண் தெளிந்தது, இரண்டு சுற்றுக்குப் பிறகு உலக சாம்பியன் ஆனார்.

டன்டி அந்த ஒரு நிமிடத்தில் தயங்கியிருந்தால், இன்று நாம் கும்பிடும் அலி இல்லை. ஸ்டூலில் இருந்து கைவிட்டவர் என்று ஒரு பெயர் வரலாற்றில் நின்றிருக்கும், அது லிஸ்டனுடையதாக இருந்திராது. 1980இல் சென்னைக்கு வந்து ஜிம்மி எலிஸுடன் காட்சிச் சண்டை ஆடிய அலியைப் பார்க்க முண்டியடித்த தமிழர்கள் ஒரு மாவீரனைப் பார்த்தோம் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் பார்த்தது மாவீரனைத்தான், நான் மறுக்கவில்லை. பயந்த மாவீரன் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்போது எதிர்மூலைக்கு வருவோம். ஏழாம் சுற்றுக்கு லிஸ்டன் எழவில்லை. இடது தோளை அசைக்க முடியவில்லை என்றார். அன்றிரவே வைத்தியசாலையில் பரிசோதித்த மருத்துவர்கள் தசைநார் கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். உலகம் நம்பவில்லை. அடுத்த வருடம் மே 25இல் மேன் மாநிலத்தின் லூவிஸ்டனில், முதல் சுற்றிலேயே யார் கண்ணுக்கும் சரியாகத் தெரியாத ஒரு குத்தில் அவர் விழுந்தபோது கோழை என்ற முத்திரை நிரந்தரமாயிற்று. அந்த இரண்டாவது சண்டையில் என்ன நடந்தது என்பதை எவரும் நிரூபித்ததில்லை, நானும் அவருக்காக அங்கே வாதாடப் போவதில்லை. முதல் சண்டைக்காக வாதாடுவேன். 1954இல் டெட்ரோயிட்டில் மார்ட்டி மார்ஷல் என்பவரின் குத்தில் இதே லிஸ்டனின் தாடை உடைந்தது. உடைந்த தாடையோடு எட்டுச் சுற்றையும் முடித்து, புள்ளியில் தோற்று, நடந்து வெளியேறினார். அப்படிப்பட்ட ஒருவர் பத்து வருடம் கழித்துத் தோள் வலிக்கு எழவில்லை என்றால், கோழைத்தனம் என்று சொல்லுமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

யோசிக்க விடாமல் தடுத்தது எது என்பதும் தெரிந்ததுதான். லிஸ்டன் சிறையில் குத்துச்சண்டை கற்றவர். குண்டர் கும்பல்களின் கைக்குள் இருந்தவர். எழுத வாசிக்கத் தெரியாத கறுப்பர். வெள்ளை அமெரிக்கா அவரைக் கண்டு நடுங்கியது, கறுப்பினத் தலைவர்களும் அவரைத் தம் பிரதிநிதியாகக் காட்ட விரும்பவில்லை. பட்டத்தை வென்று பிலடெல்பியாவுக்குத் திரும்பியபோது விமான நிலையத்தில் அவரை வரவேற்க மக்கள் கூடவில்லை. அப்படி ஊரையே பயமுறுத்திய ஒருவன் தோற்றதும், இவனுக்கா இவ்வளவு காலம் பயந்தோம் என்று அவனைச் சிறிதாக்கிக் காட்டும் ஆசை பார்த்தவர்களுக்கு வந்துவிட்டது. வீரரின் புகழைத் தீர்மானிக்கும் பயங்களில் பாதி, கயிற்றுக்கு வெளியே நிற்பவர்களுடையது.

பேட்டர்சனிடம் வருகிறேன். இவருக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நடுத்தர எடையில் தங்கம். 1956 நவம்பர் 30இல், 21 வயதில், ஆர்ச்சி மூரை வீழ்த்தி அதுவரை எவரும் ஆகாத வயதில் ஹெவிவெயிட் உலக சாம்பியன். 1959 ஜூனில் சுவீடன் நாட்டு இங்கமர் ஜொஹான்சன் மூன்றாம் சுற்றில் அவரை ஏழு தடவை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். பேட்டர்சன் வெட்கத்தில் வீட்டுக்குள் முடங்கினார். ஆனால் ஒரு வருடம் கழித்து, 1960 ஜூன் 20இல், அதே ஜொஹான்சனை ஐந்தாம் சுற்றில் சாய்த்தார். இழந்த ஹெவிவெயிட் பட்டத்தைத் திரும்பப் பெற்ற முதல் மனிதர் அவர். ஜெஃப்ரிஸ் முயன்று தோற்றது, டெம்ப்சி முயன்று தோற்றது, ஜோ லூயிஸே முயன்று தோற்றது அது.

பிறகு லிஸ்டன். பேட்டர்சனின் மேலாளர் கஸ் டமாட்டோ இந்தச் சண்டை வேண்டாம் என்றார். கறுப்பின உரிமைக்காக உழைத்த மிகப் பெரிய அமைப்பும் வேண்டாம் என்றது. பேட்டர்சன் தன் எடையையும் லிஸ்டனின் எடையையும் அறிந்தவர், 189 இறாத்தலுக்கு எதிரில் 214 இறாத்தல். கை நீளத்தில் லிஸ்டன் 13 அங்குலம் கூட. மற்ற எடைப்பிரிவுகளில் இருவரும் ஏறத்தாழ ஒரே பாரத்தில் நிற்பார்கள். ஹெவிவெயிட்டில் அந்த வேலி கிடையாது, எதிரே எவ்வளவு பெரிய உடம்பும் வந்து நிற்கலாம், ஒரு குத்து ஒருவன் ஆயுளை மாற்றலாம். அந்த எடைப்பிரிவில் பயம் பலவீனமல்ல, கணக்குத் தெரிந்ததன் அடையாளம். எல்லாம் தெரிந்தும் பேட்டர்சன் அந்தச் சண்டைக்கு ஒப்புக்கொண்டார். தகுதியான போட்டியாளனை மறுப்பது சாம்பியனுக்கு அழகல்ல என்று அவர் நினைத்தார்.

1962 செப்டெம்பர் 25, சிக்காகோ. இரண்டு நிமிடம் ஆறு விநாடியில் முடிந்தது. பேட்டர்சன் தோற்றால் அணிவதற்கென்று முன்கூட்டியே ஒட்டுத்தாடியும் மீசையும் கொண்டுவந்திருந்தார். அவற்றை வைத்துக்கொண்டு இரவோடு இரவாகக் காரில் நியூயோர்க் போனார். அங்கிருந்து ஸ்பெயினின் மட்ரிட் நகரத்துக்குப் பறந்து, நொண்டுபவர்போல நடித்து, யாருக்கும் தெரியாத மனிதராய்த் தெருக்களில் திரிந்தார். இதையெல்லாம் அவரே கே டலீஸ் என்ற எழுத்தாளரிடம் சொன்னார், 1964இல் அச்சில் வந்தது. தான் ஒரு கோழை என்றுகூட அதில் சொல்கிறார். அன்றிலிருந்து அவர் பெயரைச் சொன்னால் அந்தத் தாடிதான் முதலில் வருகிறது. ஹெல்சிங்கித் தங்கமும் திரும்பப் பெற்ற பட்டமும் அதன் பின்னால் மறைந்துவிட்டன.

தமிழர்களாகிய நாம் இந்தக் கதையைக் கேட்டுச் சிரிப்பது எனக்கு விளங்கவில்லை. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதனுக்கு முதுகில் புண் பட்டது. மார்பில் தைத்த ஆயுதம் முதுகு வழியே வெளிவந்ததால் உண்டான புண் அது என்பது மரபுரை. ஓடியதால் வந்த புண்ணல்ல. ஆனாலும் புறப்புண் புறப்புண்தான் என்று நாணி, அந்த அரசன் வடக்கிருந்து உயிர் விட்டான். மகன் முதுகில் புண்பட்டு இறந்தானோ என்று போர்க்களத்தில் பிணங்களைப் புரட்டித் தேடிய தாயையும் நம் புறநானூறுதான் காட்டுகிறது. பயத்தை மன்னிக்காத மரபு நம்முடையது என்று சொல்பவர்கள் அந்தத் தாயோடு நின்றுவிடுகிறார்கள். வெண்ணிக்குயத்தியார் என்ற புலவர் வென்ற கரிகாலனின் முன்னால் நின்று, உன்னைவிட அந்தத் தோற்றவன் நல்லவன் அல்லவா என்று கேட்டதை மறந்துவிடுகிறார்கள். தோல்விக்கு வெட்கப்படும் அளவுக்குத் தன் தொழிலை மதித்தவன் என்பதற்காக அவனைப் பாடினார் அவர். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஒரு குயவர் குலப் பெண்ணுக்குத் தெரிந்த நியாயம் இது.

பேட்டர்சன் சேரனைப் போலச் சாகவில்லை. தாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். பத்து மாதம் கழித்து அதே லிஸ்டன் முன் மறுபடி நின்றார், மறுபடியும் முதல் சுற்றிலேயே விழுந்தார். 1965இல் அலி முன் நின்று பன்னிரண்டாம் சுற்றுவரை தாக்குப்பிடித்தார். 1972 வரை குத்துச்சண்டையில் இருந்தார். அதிக தடவை விழுந்தவன் நான் என்கிறார்கள், அதிக தடவை எழுந்தவனும் நான்தானே என்ற பொருளில் அவர் சொன்னதுண்டு. அந்த மனிதனைக் கோழை என்று எழுதியவர்களில் ஒருவராவது லிஸ்டனோடு இரண்டாம் தடவை கயிற்றுக்குள் போயிருப்பாரா?

பேட்டர்சனை ஏழு தடவை வீழ்த்திய ஜொஹான்சனின் கதை இன்னும் கூர்மையானது. அதே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் ஹெவிவெயிட் இறுதிப் போட்டியில் ஜொஹான்சன் அமெரிக்கரான எட் சாண்டர்ஸை எதிர்கொண்டார். கிட்ட நெருங்காமல் ஓடிக்கொண்டே இருந்தார் என்று இரண்டாம் சுற்றில் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். வெள்ளிப் பதக்கத்தையும் கொடுக்கவில்லை. எதிரியைக் களைக்க வைக்கவே அப்படிச் செய்தேன் என்று அவர் சொன்னதை எவரும் கேட்கவில்லை. சொந்த நாட்டிலேயே அவமானம். ஏழு வருடம் கழித்து அந்தக் 'கோழை' உலக ஹெவிவெயிட் சாம்பியன். பதக்கம் கைக்கு வர 1982 ஆகிவிட்டது. அவரைத் துரத்தித் தங்கம் வென்ற சாண்டர்ஸ், 1954 டிசெம்பரில் ஒரு சண்டையில் அடிபட்டு இறந்தார். ஓர் இரவின் நடத்தையை வைத்து ஒருவன் நெஞ்சுரத்தை அளக்கலாம் என்று நம்புகிறவர்கள் ஜொஹான்சனை எங்கே வைப்பார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

இனி டைசன். பயமுறுத்தி வென்றார் என்பதில் ஓர் உண்மை இருக்கிறது. 1988 ஜூன் 27இல் அதுவரை தோற்காத மைக்கல் ஸ்பிங்க்ஸ் 91 விநாடியில் முடிந்தபோது, மணி அடிப்பதற்கு முன்பே அவர் முகத்தில் தோல்வி தெரிந்தது. பயம் உடம்பை என்ன செய்யும் என்பது தெரிந்த விடயம். மூச்சு மேலேறும், தோள்கள் இறுகும், பார்வை குறுகும், மூன்று நிமிடத்துக்கான சக்தி அரை நிமிடத்தில் எரிந்துபோகும். அப்படி இறுகிய உடம்பு குத்தைத் தாங்காது. டைசன் இதை அறிந்தே பயன்படுத்தினார். அது தொழிலின் ஒரு பகுதி. பந்து வீச்சாளன் முகத்துக்கு நேரே பந்தை எழுப்பித் துடுப்பாட்டக்காரனைப் பின்னால் நகர்த்துவதை எவரும் மோசடி என்பதில்லை.

ஆனால் பயமுறுத்தல் மட்டும்தான் இருந்தது என்பது பதிவுகளோடு பொருந்தாது. 1987 ஓகஸ்டில் டோனி டக்கர் பயந்து சுருளவில்லை. பன்னிரண்டு சுற்றும் நின்று சண்டை பிடித்துத்தான் புள்ளியில் தோற்றார். டொனொவன் ரடொக் 1991இல் இரண்டு தடவை டைசனோடு மோதினார், இரண்டு தடவையும் பயமில்லாமல் குத்தினார், இரண்டு தடவையும் தோற்றார். லாரி ஹோம்ஸ் 75 சண்டைகள் ஆடியவர். அத்தனையிலும் அவரை இடையில் நிறுத்த முடிந்தது ஒரே ஒருவரால், 1988 ஜனவரியில் டைசனால், நான்காம் சுற்றில். ஹோம்ஸ் அப்போது வயதேறியவர்தான், ஆனால் அதற்குப் பிறகு பல வருடங்கள் ஆடியும் வேறெவரிடமும் அப்படி விழவில்லை. டைசனின் உயரம் ஐந்தடி பத்து அங்குலம். எதிரிகளில் பெரும்பாலானோர் அவரைவிட உயரமானவர்கள். தலையை அசைத்து அசைத்து அந்த நீண்ட கைகளுக்குள் புகுந்து, இடுப்பிலிருந்து குத்தும் அந்த வித்தை பார்வையால் வருவதல்ல.

டோக்கியோவுக்கு வருவோம், எல்லாரும் அங்கேதான் வருகிறார்கள். 1990 பெப்ரவரி 11. ஜேம்ஸ் பஸ்டர் டக்ளஸுக்குப் பந்தய விலை 42க்கு 1. டக்ளஸின் தாய் இறந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. அவர் பயப்படவில்லை, டைசன் உடைந்தார் என்பது வழக்கமான கதை. எட்டாம் சுற்றில் டைசன் டக்ளஸைக் கீழே வீழ்த்தியதை இந்தக் கதை சொல்வதில்லை. பத்தாம் சுற்றில் வாழ்நாளில் முதல் தடவை விழுந்த டைசன், நான்கு காலில் தவழ்ந்து வாய்க்கவசத்தைத் தடவி எடுத்து, அதைத் தவறான பக்கமாகக் கடித்துக்கொண்டு எழ முயன்றதையும் சொல்வதில்லை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. எதிரி பயப்படவில்லை என்றதும் ஓடிவிடும் சண்டியன் பத்துச் சுற்று அங்கே நிற்கமாட்டான்.

டைசனின் பயம் டோக்கியோவில் பிறந்ததல்ல என்பதும் நமக்குத் தெரியும். 1982 இளையோர் போட்டி ஒன்றுக்கு முன், பதின்ம வயதுப் பெடியன், பயிற்றுவிப்பாளர் டெடி அட்லஸின் தோளில் சாய்ந்து அழும் காட்சி படமாக இருக்கிறது. தோற்றால் யாரும் தன்னை நேசிக்கமாட்டார்கள் என்ற பயம். அழுது முடித்துவிட்டுக் கயிற்றுக்குள் போய் வென்றார். அவரை வளர்த்த கிழவர் பேட்டர்சனின் அதே கஸ் டமாட்டோ. பயம் நெருப்பைப் போன்றது, அடக்கினால் சோறு வேகும், விட்டால் வீடு எரியும் என்பதே அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலில் சொல்லிக்கொடுத்த பாடம். வீரனுக்கும் கோழைக்கும் உள்ளே இருப்பது ஒரே உணர்ச்சி, செய்வதில்தான் வேறுபாடு என்பார் அவர். 1985 நவம்பரில் டமாட்டோ இறந்தார். டைசனுக்கு வயது 19. அடுத்த வருடம் உலகின் மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியனாகிப் பேட்டர்சனின் சாதனையை முறியடித்த அந்தப் பெடியனுக்கு, நெருப்பை அடக்கக் கற்றுக்கொடுத்தவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. டைசனின் வீழ்ச்சியை விளக்க இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இதைச் சொல்வதால் டைசன் செய்த எல்லாவற்றையும் நான் பயத்தின் கணக்கில் எழுதுகிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். 1992இல் பாலியல் வன்புணர்வுக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். அது குற்றம், அதற்கு எந்த உளவியலும் பதிலாகாது. 1997இல் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தது இழிவு. அவற்றுக்காக அவரைத் தீர்ப்பிடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். பயந்ததற்காகத் தீர்ப்பிடாதீர்கள்.

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. குத்துச்சண்டை என்பதே இரண்டு மனவுறுதிகளின் மோதல், அதில் முதலில் உடைகிறவன் தோற்றவன், உடைந்ததை எண்ணாமல் வேறெதை எண்ணுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தோல்வியைத் தோல்வி என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. பேட்டர்சன் லிஸ்டனிடம் இரண்டு தடவை தோற்றார், அது பதிவில் இருக்கட்டும். என் மறுப்பு, அந்த உடைவைக் காட்டி அவன் ஆயுள் முழுதையும் அளப்பதற்கு. அந்த அளவும் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. 1975 மணிலாவில் பதினான்காம் சுற்றுக்குப் பிறகு ஜோ ஃபிரேசியரை நிறுத்தியது அவருடைய பயிற்றுவிப்பாளர் எடி ஃபச். ஃபிரேசியருக்குப் பழி வரவில்லை, வரவும் கூடாது. லிஸ்டனின் மூலையில் அப்படி முடிவெடுக்க ஒரு ஃபச் இல்லை, அவரே சொல்ல வேண்டியிருந்தது. டைசன் 2005இல் கெவின் மக்பிரைடுக்கு எதிராக ஸ்டூலிலிருந்து எழ மறுத்து, இனி எனக்கு இதற்கு மனமில்லை என்ற பொருளில் பேசியபோது அவரை அணைத்துக்கொண்ட உலகம், லிஸ்டனை அணைக்கவில்லை.

பயத்தின் பேச்சைக் கேட்காதவன் எங்கே போய் நிற்பான் என்பதற்கும் அலியே சாட்சி. 1977இல் ஏர்னி ஷேவர்ஸோடு நடந்த சண்டைக்குப் பிறகு அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகங்கள் பழுதாகின்றன, நிறுத்து என்று சொல்லிப் பார்த்துவிட்டு விலகிப் போனார். அலி நிறுத்தவில்லை. 1980 ஒக்டோபரில் ஹோம்ஸ் பத்துச் சுற்று அவரை அடித்தார். இனிப் போதும் என்று நிறுத்தியது, 1964இல் அவரை உள்ளே தள்ளிய அதே டன்டி. அதன் பிறகும் 1981இல் ஒரு சண்டை. 1984இல் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் கண்டறியப்பட்டன. அந்த நோயில் குத்துகளுக்கு எவ்வளவு பங்கு என்று மருத்துவர்கள் வாதிட்டாலும், கடைசி நான்கு வருடச் சண்டைகள் அவருக்குத் தேவையற்றவை என்பதில் வாதமில்லை. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவது அறிவுடையோர் செயல் என்ற பொருளில் வள்ளுவர் பேசியது இதைத்தான்.

பயந்த வேறு சில வீரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் மக்ஸ் பேயர். 1930 ஓகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் அவர் குத்தியதில் ஃபிராங்கி கம்பெல் என்ற வீரர் இறந்தார். அதற்குப் பிறகு பேயர் பயந்தது எதிரியின் கைக்கல்ல, தன் கைக்கு. குத்தத் தயங்கி அடுத்தடுத்துப் பல சண்டைகளில் தோற்றார். சண்டையில் சம்பாதித்த காசைக் கம்பெலின் குடும்பத்துக்குக் கொடுத்தார். 2005இல் வந்த சின்டரெல்லா மேன் திரைப்படமோ அவரைக் கொலையில் களிக்கும் மிருகமாகக் காட்டியது. ஒலிவர் மெக்கோல் 1997இல் லெனொக்ஸ் லூயிஸுக்கு முன் கையை இறக்கிவிட்டு அழுதார். போதைப்பொருளிலிருந்து மீள முயன்றுகொண்டிருந்த, நோயுற்ற மனிதர் அவர். அந்த அழுகையை இன்றும் நகைச்சுவைக் காணொளியாகப் பகிர்கிறார்கள். ஜோ லூயிஸ் 1970இல் தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற அச்சம் முற்றி மனநல வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். அவரை மட்டும் உலகம் மரியாதையோடு மௌனமாக விட்டது. அந்த மரியாதை மெக்கோலுக்கும் உரியது.

இதை ஏன் மட்டக்களப்பிலிருந்து எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. டைசன் டோக்கியோவில் விழுந்து நான்கு மாதத்தில், 1990 ஜூன் 11இல், நம் பொலிஸ் நிலையத்தில் தொடங்கிய மோதலோடு இரண்டாம் ஈழப்போர் வெடித்தது. ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் படுகொலை. செப்டெம்பர் 5 வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில் படுகொலை. வாவியின் இந்தக் கரையிலும் படுவான்கரையிலும், தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும், அந்த வருடம் பயப்படாத மனிதர் இருந்ததில்லை. ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் யூஜின் ஹெபர்ட் அடிகளார் காணாமல் போனார். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு, நம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். அந்த நாட்களில் அந்த வீதி எப்படிப்பட்டது என்று தெரியாமல் அவர் போயிருக்க முடியாது. தெரிந்தே போனார்.

பயத்தோடு வாழ்ந்து, பயத்தோடு வேலைக்குப் போய், பயத்தோடு பிள்ளை வளர்த்த ஊர் இது. அந்த ஊரில் இருந்துகொண்டு பயந்தவனைச் சிறுமைப்படுத்துவது நம் பெற்றோரைச் சிறுமைப்படுத்துவது. 1996இல் போல் சற்குணநாயகம் அடிகளார், கனடாக் கலைஞர் போல் ஹோகனோடு சேர்ந்து இங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கியபோது, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக அழைத்துவந்து கதையும் களிமண்ணும் வர்ணமும் கொடுத்து, உள்ளே கிடந்த பயத்தை வெளியே எடுக்க வழி செய்தார். பயம் இல்லாததுபோல் நடி என்று அங்கே எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கஸ் டமாட்டோ செய்ததும் ஏறத்தாழ அதுவே.

நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போதெல்லாம் பாரதியின் அச்சம் மறுக்கும் பாட்டை மேடையேற்றுகிறோம். நல்ல பாட்டு. பயமே தெரியாத ஒருவன் அதை அத்தனை தடவை அழுத்திச் சொல்ல வேண்டியிராது என்பதைப் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்வதில்லை. அதே மைதானத்தில் ஓட்டத்துக்கு முன் வயிறு கலங்கிக் கழிவறைக்கு ஓடும் பிள்ளையை, "என்ன, பயந்திட்டியா?" என்று மற்றவர்கள் முன்னால் கேட்கிறோம். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் பெயர் கொடுப்பதில்லை.

என் பட்டியலில் முதலிடம் அலிக்குத்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் பேட்டர்சன் முதல் பத்துப் பேருக்குள் நிற்கிறார், ஒட்டுத்தாடியோடு சேர்த்தே நிற்கிறார். டைசனும் அங்கே நிற்கிறார். லிஸ்டன் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

மட்டக்களப்பின் உடற்கல்வி ஆசிரியர்களையும், கழகப் பயிற்றுவிப்பாளர்களையும், மைதான ஓரத்தில் நிற்கும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன். போட்டிக்கு முன் ஒரு பிள்ளை வந்து "சேர், பயமா இருக்கு" என்று சொன்னால், பயப்படாதே என்று அதட்டி அனுப்பாதீர்கள். பக்கத்தில் இருத்தி, மூச்சை மெல்ல விடச் சொல்லுங்கள். உலக சாம்பியன்களுக்கும் இப்படித்தான் இருந்தது என்று பேட்டர்சனின் கதையை முழுதாகச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பிள்ளையை மைதானத்துக்குள் அனுப்புங்கள்.